பழுப்பு நிலத்தில் ஓர் ஓடுதளம்

நெய்வேலி என்றதும் மண்ணை வாரும் ராட்சதச் சக்கரங்களே நினைவுக்கு வரும். நேரு 1957இல் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த அவ்வூருக்கு வானத்தோடும் ஓர் உறவு இருந்தது. நிலக்கரி நிறுவனத்தின் ஓடுதளத்துக்குச் சென்னையிலிருந்து வாயுதூத்தின் டோர்னியர் 228 வந்துபோனது. சுரங்கத்தின் சக்கர எந்திரங்களைப் போலவே இதுவும் ஜெர்மானிய வடிவமைப்பு; கான்பூரிலும் தயாரானது.

குட்டையான ஓடுதளத்திலும் இறங்கவல்ல அவ்விமானத்தில் இருக்கைகள் 19 மட்டுமே. இரு விமானிகளின் சம்பளம், எரிபொருள், பராமரிப்பு ஆகிய அனைத்தையும் அந்தப் பத்தொன்பது பேரே சுமக்கவேண்டும். நான்கு இருக்கை காலியானால் கணக்கு கவிழும். பறக்கும் நேரமோ ஒரு மணிக்கும் குறைவு. ஆனால் நிலையத்துக்குச் சென்று காத்திருக்கும் நேரத்தில் பேருந்து பாதி வழி கடந்திருக்கும். (சிறு விமானத்தின் உண்மையான எதிரி புயலன்று, திருவள்ளுவர் பேருந்துதான்!)

1981இல் பிறந்த வாயுதூத் நட்டத்தில் மூழ்கி 1993இல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைக்கப்பட்டது. 2017இல் உடான் திட்டத்தின்கீழ் ஏர் ஒடிசாவுக்கு நெய்வேலி வழித்தடம் கிடைத்தது. அதன் பீச்கிராஃப்டிலும் இருக்கைகள் 19தான். நெய்வேலிச் சேவையைத் தொடங்காமலே அந்நிறுவனம் முடங்கியது.