கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள்



1077ஆம் ஆண்டு, சனவரி மாதக் கடைசி. வட இத்தாலியின் மலைப்பகுதியில் கனோசா என்றொரு கோட்டை. கடுங்குளிர். மூடிய கதவுக்கு முன்னால், கம்பளி அங்கி உடுத்து, வெறுங்காலோடு ஒருவர் நிற்கிறார். அவர் ஜெர்மனியின் அரசர் நான்காம் ஹென்றி. உள்ளே இருப்பவர் திருத்தந்தை ஏழாம் கிரகோரி.

அக்காலத்தில் ஆயர் என்றால் ஆன்ம மேய்ப்பர் மட்டுமல்லர். நிலமும் வரியும் படைவீரரும் அவர் கையில் இருந்தன. பிள்ளைகளுக்குப் போகாத பதவி அது. ஆயர் இறந்தால், தமக்கு வேண்டிய வேறொருவரை அந்த இடத்தில் அரசர் அமர்த்தலாம். ஆகவே ஆயருக்குரிய மோதிரத்தையும் கோலையும் அரசரே வழங்கிவந்தார். பதவிக்காகப் பணம் கைமாறுவதும் உண்டு. கிரகோரி இதை எதிர்த்தார். மிலான் பேராயர் நியமனத்தில் மோதல் முற்றியது. 1076 சனவரியில் வோர்ம்ஸ் நகரில் ஹென்றி தம் ஆயர்களைக் கூட்டி, திருத்தந்தையைப் பதவி விலகச் சொன்னார். அடுத்த மாதமே, உரோமையில் கூடிய தவக்காலச் சங்கத்தில், திருத்தந்தை அரசரைத் திருஅவையின் உறவிலிருந்து விலக்கினார். குடிமக்கள் அவருக்குக் கொடுத்த வாக்குறுதியும் செல்லாது என்றார்.

இதற்காகவே காத்திருந்தவர்கள்போல ஜெர்மானியப் பிரபுக்கள் எழுந்தார்கள். ஓராண்டுக்குள் மன்னிப்புப் பெறாவிட்டால் நீர் எங்களுக்கு அரசரல்லர் என்றார்கள். ஆக்ஸ்பர்க் நகருக்கு வந்து தீர்ப்புச் சொல்லும்படி திருத்தந்தையையும் அழைத்தார்கள். அவரும் புறப்பட்டார். அவர் வந்து சேருமுன், மனைவியோடும் சிறு மகனோடும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஹென்றி கனோசாவுக்கு வந்துவிட்டார்.

கோட்டை மாட்டில்டா சீமாட்டியுடையது. அவரும், ஹென்றியின் ஞானத்தந்தையான குளூனி துறவுமட அதிபர் ஹியூவும் பரிந்து பேசினார்கள். மூன்று நாள் கிரகோரி அசையவில்லை. இது திருத்தூதரின் கண்டிப்பு அல்ல, கொடுங்கோலனின் கொடுமை என்று உடனிருந்த சிலரே சொன்னதை, பிறகு பிரபுக்களுக்கு எழுதிய மடலில் அவரே ஒளிக்காமல் குறிப்பிட்டிருக்கிறார்.

அரசர் மண்டியிட்டார், திருஅவை வென்றது என்று இந்தக் கதையை முடித்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹென்றியின் கண்ணீர் மனமாற்றமா, தந்திரமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். அரசியல் கணக்குப்படி பார்த்தால், கதவைத் திறக்காமல் இருப்பதே கிரகோரிக்கு இலாபம். ஆக்ஸ்பர்க்கில் அவரே நடுவராக அமரலாம். ஆனால் அவர் ஓர் அருள்பணியாளர். மன்னிப்புக் கேட்டு வாசலில் நிற்பவரை எத்தனை நாள் நிற்க வைப்பது? கதவு திறந்தது. ஹென்றியை மீண்டும் திருஅவையின் உறவில் ஏற்றுக்கொண்டார்.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. பிரபுக்கள் அவருக்காகக் காத்திராமல், மார்ச் மாதமே ருடோல்ஃப் என்பவரை அரசராகத் தேர்ந்தார்கள். உள்நாட்டுப் போர் மூண்டது. 1080இல் ஹென்றியை மறுபடி விலக்கியபோது, முன்போல நாடு அதிரவில்லை. 1084இல் ஹென்றி உரோமைக்குள் படையோடு நுழைந்து, தாம் ஏற்படுத்திய எதிர்த்திருத்தந்தையின் கையால் பேரரசராக முடிசூடினார். கிரகோரியை மீட்க வந்த நார்மன் படையோ உரோமையையே சூறையாடியது. கொதித்துப்போன மக்களிடையே அவரால் இருக்க முடியவில்லை. நார்மன்களோடு வெளியேறி, 1085 மே 25 அன்று சலெர்னோவில் இறந்தார்.

மோதிரத்தையும் கோலையும் அரசர் வழங்குவதில்லை என்ற உடன்பாடு 1122இல், அதே வோர்ம்ஸ் நகரில்தான் ஏற்பட்டது. அப்போது கிரகோரியும் இல்லை, ஹென்றியும் இல்லை. கிரகோரியின் உடல் இன்றும் சலெர்னோ பேராலயத்திலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் மே 25 அன்று திருவழிபாட்டில் அவரை நினைவுகூர்கிறோம்.