காலடியில் கிடக்கும் பெயர்

திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலில் வல்லாள கோபுரத்தைக் காட்டும்போது ஊர்க்காரர்கள் ஒரு கதையையும் சேர்த்தே சொல்வார்கள். நோயில் நொந்த அருணகிரிநாதர் உயிரை விட எண்ணிக் கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டான். கதை எப்படியிருந்தாலும், நோயின் பெயர்களை அவர் அளவுக்குப் பாட்டில் ஏற்றிய தமிழ்ப் புலவர் அரிது. அந்த 15ஆம் நூற்றாண்டுக் கவிஞரின் திருத்தணித் திருப்புகழ் ஒன்று நோய்ப் பட்டியலாகவே தொடங்குகிறது. நீரிழிவு, சோகை, சூலை, பெருவயிறு என்று வரும் பெயர்களுக்கு நடுவே முயலகனும் நிற்கிறான்.

யார் இந்த முயலகன்? பெரும்பாலான சிவன் கோயில்களில் நடராசரின் வலக்காலுக்குக் கீழே பார்த்தால் தெரியும். குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிப் பார்க்கும் குள்ளன். தாருகாவனத்து முனிவர்கள் வேள்வித் தீயிலிருந்து ஏவிவிட, சிவன் அவனை மிதித்து மேலேறி ஆடினான் என்பது புராணம். அவன் பெயரேதான் வலிப்பு நோய்க்கும் பெயர். வடமொழியிலும் இதே கதைதான். நினைவு அழிவதைக் குறிக்கும் அபஸ்மாரம் என்ற சொல் மருத்துவ நூலில் வலிப்பு. சிற்ப நூலில் காலடிக் குள்ளன்.

நோயாக முயலகன் தமிழில் பெரிதாகப் பேசப்படும் இடம் 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள திருவாசி அன்று திருப்பாச்சிலாச்சிராமம். சிற்றரசன் கொல்லிமழவனின் மகளை முயலகன் பிடிக்க, மருந்தெல்லாம் தோற்றபின் தந்தை அவளைக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான். அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அவள் எழுந்தாள் என்கிறார் சேக்கிழார். அவ்வூர் நடராசர் முயலகனுக்குப் பதில் பாம்பின்மேல் ஆடுவதற்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள்.

இனிச் சொல்லுக்கு வருவோம். முயலகன் என்றதும் முயல் நினைவுக்கு வரும். புராணத்தில் முயலுக்கு வேலை இல்லை. ஆனால் நாட்டு மருத்துவத்தில் இருக்கிறது. முயல்வலி என்றும் காக்கைவலி என்றும் வலிப்புக்குப் பழம்பெயர்கள் உண்டு. காக்காய் வலிப்பு என்பது கால்கை வலிப்பு என்பதன் கொச்சை என்று பலரும் திருத்துவார்கள். காக்கை தனியாக நின்றிருந்தால் அந்தத் திருத்தத்தை நானும் ஏற்பேன். பக்கத்தில் முயலும் நிற்கிறதே! முயல்வலியை எந்தக் கைகாலின் கொச்சை என்பது? அடிபட்ட காக்கை சிறகடித்துத் துடிப்பதையும், கண்ணியில் விழுந்த முயல் உதறுவதையும் கண்டவர்கள் வைத்த பெயர்களாகவே எனக்குப் படுகின்றன.

விலங்கை வைத்து இந்த நோயைப் புரிந்துகொள்ள முயன்றது தமிழர் மட்டுமல்ல. கிரேக்கர் இதைப் 'புனித நோய்' என்றார்கள். ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் நூலொன்று, இதில் புனிதம் ஏதுமில்லை, மூளையில் வரும் நோய் இது என்று மறுத்தது. அதற்குச் சான்று ஆடு: வலிப்பு கண்ட வெள்ளாட்டின் தலையைப் பிளந்து பாருங்கள், மூளையில் நீர் கோத்திருக்கும் என்றது. ரோமரின் லத்தீனில் இதன் பெயர் 'மோர்புஸ் கொமிதியாலிஸ்', அதாவது மக்கள்மன்ற நோய். மன்றம் கூடியிருக்கையில் ஒருவருக்கு வலிப்பு கண்டால் அபசகுனம் என்று கூட்டத்தையே கலைத்துவிடுவார்கள். மனிதனைத் தவிர இந்நோய் காணும் ஒரே உயிர் காடை என்று எழுதினார் 79ஆம் ஆண்டில் இறந்த மூத்த பிளினி. தீட்டு ஒட்டாமலிருக்க ரோமர்கள் காறித் துப்புவதையும் அவர் குறித்திருக்கிறார். அவர்கள் துப்பினார்கள், நம்மவர்கள் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள்.

இரும்பு வலிப்பை நிறுத்தாது. மூளை நரம்பணுக்களில் மின்னோட்டம் திடீரென்று நிலைதவறுவதால் வருவது அது. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கும். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

ஆட்டிலும் காடையிலும் காக்கையிலும் முயலிலும் தேடிய நோய், ஹிப்போகிராட்டஸ் நூல் சொன்னதுபோல மூளையில்தான் இருந்தது. ஆனாலும் பேய்ப் பெயரின் அச்சம் எளிதில் போகவில்லை. 1976இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி வலிப்பு வருகிறவரின் திருமணத்தைச் செல்லாததாக்க இடம் வைத்தார்கள். காலடியில் கிடக்க வேண்டியது நோய். 23 ஆண்டுகள் அங்கே கிடந்தவர்கள் நோயாளிகள். 1999இல் வந்த திருத்தம் வலிப்பு என்ற சொல்லை அந்தப் பிரிவிலிருந்து நீக்கியது.