உருமறைப்பும் தேயிலைச் சாயமும்: லிந்துலையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

துவக்கின் மரப்பிடியை வீட்டு முற்றத்தில் வைத்து, அது இலையும் சருகும் மண்ணும் போலத் தோன்றுமாறு வர்ணந் தீட்டுதல் இன்று மேலை நாடுகளில் வேட்டைக்காரர் பலரின் ஓய்வுநேரக் கைவேலையாக உள்ளது. அதன் செய்முறை எளிது. முதலில் மரத்தின் மேலுள்ள மெருகை அரத்தாளால் தேய்த்து நீக்குவர்; எண்ணெய்ப் பசையைத் துடைப்பர்; குறிபார்க்கும் உறுப்புகளையும் இயங்கும் உறுப்புகளையும் ஒட்டுத்தாளால் மூடுவர். பின்னர் பளபளப்பில்லாத வெளிர்நிற வர்ணத்தை அடித்தளமாகப் பூசி, உண்மையான இலைகளையும் புல்லையும் அதன்மேல் வைத்து, அடர்ந்த நிறங்களைத் தெளிப்பர். இலையை எடுத்ததும் அதன் நிழல் மரத்தில் எஞ்சும். நிறத்திட்டுகள் பிடியின் விளிம்பைக் குறுக்காக வெட்டிச் செல்லவேண்டும் என்பதே இக்கலையின் உயிர்நிலை. நீண்ட நேர்கோடு இயற்கையில் அரிது. கண் அதனைக் கண்டவுடனேயே துவக்கென உணர்ந்துவிடும். ஆகவே பொருளை மறைப்பதைவிட அதன் விளிம்பை உடைப்பதே இங்கு முதன்மையானது.

இக்கைவேலையின் நுட்பத்தை விரித்துரைத்தல் நமது நோக்கமன்று. ஆயுதத்தை மறைக்கவேண்டிய தேவை யாருக்கு, எப்போது, யார் கண்ணிலிருந்து எழுந்தது என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா. அவ்வினாவை மலைநாட்டின் லிந்துலைப் பிரதேசத்தில் நின்று கேட்கும்போது, உருமறைப்பின் வரலாறு ஒரு வர்க்க வரலாறாகவும் விளங்குவதைக் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பியப் படைகளிற் பெரும்பாலானவை தம்மை மறைக்க முற்பட்டதில்லை. ஆங்கிலேயப் படையாளின் செஞ்சட்டை எதிரியின் கண்ணுக்கு எளிதில் தெரிவதாயிருந்தது. அணிவகுத்து நின்று அச்சமூட்டுதல் அக்காலப் போர்முறையின் ஒரு கூறு. இம்மரபில் முக்கியமான உடைவுகளுள் ஒன்று இந்தியாவில் நிகழ்ந்தது. 1846இல் வடமேற்கு எல்லையில் ஹரி லம்ஸ்டன் அமைத்த ‘கைட்ஸ்’ படை மண்ணிற உடையை மேற்கொண்டது. ‘காக்கி’ என்ற சொல்லே புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. 1857ஆம் ஆண்டின் எழுச்சியை அடக்கப் புறப்பட்ட ஆங்கிலேயப் படையினர் தமது வெள்ளை உடைகளைத் தேயிலை, கோப்பி, மை, சேறு முதலிய கைக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு தாமே சாயமேற்றிக் கொண்டனர். பெருந்தொழிற்சாலைகளுக்கு முன்னர் உருமறைப்பு இவ்வாறு அடுப்படிப் பொருள்களைக் கொண்டு செய்த கைவேலையாகவே இருந்தது.

மலைநாட்டு மக்களின் வழக்கில் பாலில்லாத தேநீருக்குச் ‘சாயம்’ என்றும் ‘சாயத்தண்ணி’ என்றும் பெயர். இச்சொல்லுக்கு 1857இன் போர்முனையோடு நேர்த்தொடர்பு எதுவுமில்லை. அன்று இலங்கை மலைநாடு கோப்பி நாடாகவே இருந்தது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராகத் தொடங்கியது 1867இலேயே. ஆயினும் பேரரசின் துணியை நிறமாற்றிய அதே பொருளை விளைவிப்பதற்காகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொணரப்பட்டோரின் வாழ்வில், அப்பொருள் சாயம் என்ற பெயரோடே அன்றாட உணவாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

அடுத்த திருப்பம் 1900ஆம் ஆண்டைச் சூழ்ந்து நிகழ்ந்தது. புகையற்ற வெடிமருந்தும் தொலைவு சுடும் றைபிளும் போரின் தன்மையை மாற்றின. தென்னாபிரிக்காவில் பாறைகளின் பின்னே கிடந்து சுட்ட போயர் விவசாயிகளை ஆங்கிலேயரால் காணமுடியவில்லை. இதனை எதிர்கொள்ளும் முயற்சிகளுள் ஒன்றாக 1900இல் லொவாற் பிரபு ஸ்கொட்லாந்து மேட்டுநிலத்தில் ‘லொவாற் ஸ்கவுற்ஸ்’ என்ற படையைத் திரட்டினார். அதிற் சேர்ந்தோரிற் பலர் நிலப்பிரபுக்களின் மான்காடுகளில் வேட்டைத் துணைவராகவும் காவலராகவும் ஊழியஞ் செய்தவர்கள். ‘கில்லி’ எனப்பட்ட இவ்வேட்டைப் பணியாளர், மானின் கண்ணுக்குப் புலப்படாது நகரும் கலையைப் பிரபுவின் விளையாட்டுக்காகக் கற்றவர்கள். கந்தலையும் புல்லையும் கோத்துக் குறிசூடுநர் இன்று அணியும் உடை ‘கில்லி உடை’ எனப்படுவது அவர்களாலேயே. 1916இல் இப்படையின் ஒரு பிரிவு பிரித்தானிய இராணுவத்தின் முதலாவது குறிசூட்டு அணியாயிற்று. எனவே உருமறைப்பின் மூலவேர்களுள் ஒன்று பணியாளனின் உழைப்பு அனுபவத்திற் கிடக்கின்றது எனலாம்.

அதே 1900ஆம் ஆண்டில் இலங்கையில் ‘சிலோன் பிளாண்டர்ஸ் றைபிள் கோர்’ என்ற தொண்டர்படை அமைந்தது. இது ஐரோப்பியத் தோட்டத் துரைமாரின் படை. அவ்வாண்டிலேயே போயர் போர்க்கைதிகள் கப்பலேற்றிக் கொணரப்பட்டுத் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களின் தொகை ஏறத்தாழ ஐயாயிரம். மறைந்து சுட்டவர்கள் முட்கம்பிக்குள் இருக்க, அம்மலைகளின் உரிமையாளர்கள் றைபிளேந்தி அணிவகுத்தனர். ஸ்கொட்லாந்தில் பணியாளன் படையாளானான். இலங்கையில் எசமானன் படையாளானான். இவ்வேறுபாடே நமது விவாதத்தின் அச்சு.

லிந்துலையையும் அதன் அயலையும் சூழ்ந்த தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள்: டில்லிகூல்ட்ரி, ஹோலிறூட், வேவர்லி, பல்மோரல். ஸ்கொட்லாந்தின் ஊரும் மாளிகையும் நாவலும் அங்கு தேயிலைத் தோட்டங்களாயின. வேவர்லி என்பது வோல்ற்றர் ஸ்கொட் 1814இல் வெளியிட்ட நாவலின் பெயர்; 1745ஆம் ஆண்டின் மேட்டுநிலக் கிளர்ச்சி அதன் களம். அக்கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபின் மேட்டுநில மக்கள் ஆயுதம் வைத்திருப்பதும் தமது மரபுடை அணிவதும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. பின்னர் ஆட்டுப் பண்ணைக்காகவும் மான்காட்டுக்காகவும் குடியானவர்கள் நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். நிலமிழந்தவனின் நாட்டுப் பெயர், நிலமிழந்த இன்னொருவன் உழைக்கும் மலைக்குச் சூட்டப்பட்டது. இதனை வெறும் தற்செயலெனக் கொள்ளாது, முதலாளித்துவ நிலவுரிமையின் உலகளாவிய இயக்கத்துள் வைத்து நோக்குதல் வேண்டும்.

துரைமாரின் துவக்குக்கு வர்ணந் தேவைப்பட்டதா? தேவைப்படவில்லை. அதன் வாதுமை மரப்பிடி எண்ணெயிட்டு மெருகேற்றப்பட்டது. யானையையும் மரையையும் சுடுவது அவ்வர்க்கத்தின் பெருமைக்குரிய விளையாட்டு. 1845இல் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனக் கூறப்படுகின்றார். துவக்கு காணப்படுவதற்காகவே இருந்தது. பங்களா குன்றின் மேலும் லயம் அதன் கீழும் அமைந்தன. விடியுமுன் தப்பொலி கேட்டுத் தொழிலாளர் கூடிய இடத்துக்குப் ‘பெரட்டுக்களம்’ என்று பெயர். ‘பரேட்’ என்ற படைச்சொல்லே பெரட்டாயிற்று. தோட்டத்தின் ஒழுங்கு முதலிலேயே இராணுவ ஒழுங்கின் சாயலைக் கொண்டிருந்தது என்பதற்கு மொழியே சான்று பகர்கின்றது. பார்ப்பவன் மேலே, பார்க்கப்படுபவன் கீழே என்ற இவ்வமைப்பில், மறைந்துகொள்ள வேண்டிய அவசியம் மேலிருப்பவனுக்கு இல்லை.

1914இல் பிளாண்டர்ஸ் படையிலிருந்து 237 பேர் கொண்ட அணி எகிப்துக்குச் சென்றது. அவர்களிற் சிலர் கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் காவலராயினர். மறு ஆண்டு பிரான்சில், ஓவியர் கிறான் த ஸ்கெவோலாவின் தலைமையில் இராணுவ உருமறைப்புப் பிரிவு தோன்றியது. ஓவியரும் நாடகத் திரைச்சீலை வரைவோரும் பீரங்கிகளுக்கு வர்ணந் தீட்டினர். வடிவத்தை உடைத்துக் காட்டும் கியூபிசத்தில் ஈடுபட்ட அந்திரே மாரும் அவர்களுள் ஒருவர். அதே 1915இல் இலங்கையில் கலவரத்தை அடக்க இராணுவச் சட்டம் பிறந்தது. ஐரோப்பியத் தொண்டர்களும் துவக்கேந்தி நாட்டுப்புறங்களில் வலம்வந்தனர். விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டோர் உளர். ஐரோப்பியப் போர்முனையில் ஆயுதம் தன்னை மறைத்தது. குடியேற்ற நாட்டில் அது பட்டப்பகலில் தன்னைக் காட்டியது. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் யாரிடம் துவக்கிருக்கலாம் என்பதை உரிமப் பத்திரத்தால் வரையறுத்தது.

பிளாண்டர்ஸ் படை 1949இற் கலைக்கப்பட்டது. அதற்குள் துவக்கு அரசின் கைக்கு உறுதியாக மாறியிருந்தது. 1940 ஜனவரி 10ஆம் நாள், முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் மாண்டார். 1977 மே 11ஆம் நாள், நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணிகளில் ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்தளிக்கும் திட்டத்தை எதிர்த்தெழுந்த போராட்டத்தில், லிந்துலைக்கு அண்மையிலுள்ள டெவன் தோட்டத்திற் சிவனு இலட்சுமணன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். இடையிலே ஆட்சி மாறியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்ட உரிமையும் மாறியது. தொழிலாளியை நோக்கி நீண்ட துவக்கு மட்டும் அன்றும் இன்னொரு நாளும் மறைப்பின்றியே நீண்டது.

அவ்வாறாயின் மலைநாட்டில் மறைக்கப்பட்டது எது? நாம் கருதுவது இது: அங்கு வர்ணந் தீட்டப்பட்டது துவக்கல்ல, உழைப்பே. கவ்வாத்துச் செய்து சீராக நிரைப்பட்ட தேயிலைச் சரிவின் பச்சையே அவ்வர்ணம். தேயிலைப் பெட்டியிலும் அஞ்சலட்டையிலும் அப்பச்சையையும் புன்னகைக்கும் கொழுந்துப் பெண்ணையும் காண்கின்றோம். லயத்தின் ஒற்றை அறையைக் காண்பதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரைச் சட்டத்தின் கண்ணுக்கே புலப்படாதவராக்கியது. உருமறைப்பின் விதி இங்கு மிகச் சரியாகப் பொருந்துகின்றது: பொருளை அகற்றவேண்டியதில்லை, அதன் விளிம்பை உடைத்துப் பின்னணியோடு கலந்துவிட்டாற் போதும்.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பின்னரும் 1983 முதல் 2009 வரை நீடித்த போரின்போதும் இவ்விதி தலைகீழாகவும் செயற்பட்டது. உழைப்பாளியாகப் புலப்படாத மலையக இளைஞன், சந்தேகத்துக்குரியவனாக மட்டும் சோதனைச் சாவடிகளிற் புலப்பட்டான். அத்தகைய நாட்டில் உருமறைப்புக் கோலம் வெறும் அலங்காரமாதல் இயலாது. வேறோரிடத்து வீட்டு முற்றத்தில் இலையை வைத்து நிறந்தெளிப்பவனுக்கு அது பொழுதுபோக்கு. லிந்துலையில் அவ்விலை ஒரு நாட்கூலி. கிலோக் கணக்கில் நிறுக்கப்படுவது.

ஆகவே நமது ஆய்வுப் பணி தெளிவானது. இலையை எடுத்த பின்னர் மரத்தில் எஞ்சும் நிழலைப் போன்று, பெரட்டு, சாயம் முதலிய சொற்களிலும் தோட்டப் பெயர்களிலும் இம்மக்களின் வரலாறு எஞ்சியுள்ளது. அவற்றைத் திரட்டி, உடைக்கப்பட்ட விளிம்புகளை மீண்டும் இணைத்துக் காட்டுதல் இலக்கிய ஆய்வாளருக்கும் வரலாற்றாய்வாளருக்கும் பொதுவான கடமையாகும். மலையின் பச்சையை அழகென வருணிக்குமுன், அப்பச்சை யாரை மறைக்கின்றது என்று கேட்கப் பழகுவதே அதன் தொடக்கம்.