குரலுக்கு முகம்: கல்கத்தா இசைக்கலைஞர்களின் உருவப்படங்களும் அவற்றின் பெயர்க்குறிப்புகளும்

இந்திய இசை வரலாற்றை ஆராய்வோர் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் இசைத்தட்டுகளையும் சான்றுகளாகக் கொள்கின்றனர். ஒளிப்பட நிலையங்களில் எடுக்கப்பெற்ற உருவப்படங்களோ பெரும்பாலும் நூலுக்கு அணியாகவே சேர்க்கப்படுகின்றன. படத்தின் அடியில் அச்சாகியுள்ள இரண்டு மூன்று சொற்களைக் கருத்தூன்றிப் படிப்போர் மிகச் சிலரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்கத்தாவில் (2001 முதல் கொல்கத்தா) ஓர் இசைக்கலைஞரின் குரல், பெயர், முகம் ஆகிய மூன்றும் எவ்வாறு இணைக்கப்பட்டன, எவருக்கு அவ்விணைப்பு மறுக்கப்பட்டது என்பதை அச்சொற்களின் வழியே காண இக்கட்டுரை முயல்கிறது.

ஒளிப்படக்கலை 1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்டது. முத்துசாமி தீட்சிதர் 1835இலேயே மறைந்துவிட்டார். 1847 வரை வாழ்ந்த தியாகராசரின் முன்னும் எந்தக் கருவியும் வைக்கப்படவில்லை. இன்று நாம் அவர்தம் முகங்களாக அறிந்திருப்பவை பெரிதும் எஸ். ராஜத்தின் தூரிகை தந்தவை. கல்கத்தாவின் நிலை வேறு. அங்கே வங்காள ஒளிப்படக் கழகம் 1856இல் தோன்றியது. அதே ஆண்டில்தான் அரசிழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா அந்நகருக்கு வந்து, பின்னர் மெடியாபுருஸில் தங்கி, 1887இல் இறக்கும்வரை தும்ரி இசையையும் கதக் ஆடலையும் புரந்தார். பாடுவோரும் ஆடுவோரும் அவரைச் சூழ்ந்து குடியேறினர். சில கல் தொலைவில் சௌரங்கிப் பகுதியில் போர்ன் அண்டு ஷெப்பர்டு, ஜான்ஸ்டன் அண்டு ஹாஃப்மன் முதலிய நிலையங்கள் செழித்தன. இசையும் ஒளிப்படமும் ஒரே நகரில் ஒரே காலத்தில் வாழ்வு பெற்றன எனலாம்.

இந்நிலையங்களின் மரபு ஐரோப்பியக் கனவான்களுக்காக அமைந்தது. தீட்டிய திரை, மரத்தூண், விரிப்பு, நாற்காலி. தரையில் அமர்ந்து பாடுபவரை அந்நாற்காலியில் அமர்த்தினர். ஈரத்தட்டு முறையில் உருவம் பதியப் பல நொடிகள் ஆகும். தலை அசையாதிருக்கப் பின்புறம் இரும்புப் பிடி வைப்பதுண்டு. 1880களில் உலர்தட்டு பரவியபின் அந்நேரம் குறைந்தது. ஆயினும் பாடகரின் வாய் மூடியே இருந்தது. தொழில்நுட்பக் கட்டாயம் நீங்கிய பின்னரும் இவ்வழக்கம் நீடித்ததால், வாய் திறந்து பாடும் தோற்றம் மதிப்புக்குரியதன்று என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனக் கருதுகிறேன். பரவலாக அறியப்பட்ட சௌரீந்திர மோகன் தாகூரின் (1840–1914) படங்களை நோக்குக. 1871இல் வங்காள இசைப்பள்ளியை நிறுவியவர், சிதார் பயிற்சி நூல் எழுதியவர். படத்திலோ கண்ணை ஈர்ப்பவை மார்பிலுள்ள பதக்கங்களே.

இங்கு மொழி பற்றி ஒன்று கூறவேண்டும். வங்காளியில் ஒளிப்படம் 'ஆலோக்சித்ரொ', அதாவது ஒளி ஓவியம். தமிழோ ஒளிப்படம் என்பதோடு நிழற்படம், புகைப்படம் என்றும் வழங்குகிறது. வினை இன்னும் சுவையானது. தமிழர் படத்தை எடுக்கின்றனர் அல்லது பிடிக்கின்றனர். வங்காளியர் 'தோலா' என்ற வினையால் அதனை மேலே தூக்குகின்றனர். ஒரு பாடலைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்வதற்கும் அவர்கள் 'கான் தோலா' என்றே கூறுவர். முகத்தையும் பாட்டையும் கவர்ந்துகொள்ள அம்மொழியில் ஒரே சொல் போதும்.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரடெரிக் வில்லியம் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். 1873இல் அசம்கரில் ஏஞ்சலினா என்ற பெயரில் பிறந்த அவர், தாய் மல்கா ஜானுடன் 1883இல் கல்கத்தாவிற்குக் குடிவந்தவர். பாட்டின் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறியதைப் பலரும் அறிவர். மெழுகுப்பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குச் சென்று தட்டுகளாயின; பாடியவர் யாரென அங்குள்ளோர் அறிய இவ்வறிவிப்பு உதவியது என்பர். அவையில் நேரில் பாடியவரைக்குறித்து 'யார்' என்ற வினா எழாது. தட்டிலிருந்து எழும் குரலுக்கு அவ்வினா உடன்வருகிறது.

பெயர் மட்டும் அதற்கு விடையாகவில்லை. மல்கா ஜான் என்ற பெயரில் அக்காலத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் பாடினர். கௌஹரின் தாயை 'படி' (மூத்த) மல்கா ஜான் எனப் பிரித்துச் சுட்டவேண்டியிருந்தது. பியாரா சாகிப் ஆணாயினும் பெண்குரல் போன்ற உயர்ந்த குரலில் பாடியவர். தட்டை மட்டும் கேட்பவர் மயங்க இடமுண்டு. எனவே கம்பெனியின் விற்பனைப் பட்டியல்கள் உருவப்படங்களைச் சேர்த்தன. ஒளிப்படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ஹாஃப்டோன் முறை இதற்குக் கைகொடுத்தது. கல்கத்தாவில் அம்முறையைச் செம்மைப்படுத்தியவர் உபேந்திரகிஷோர் ராய் (1863–1915). சத்யஜித் ராயின் பாட்டனார். கௌஹர் ஜானின் உருவம் அஞ்சலட்டைகளிலும், ஆஸ்திரியாவில் செய்த தீப்பெட்டிகளிலும்கூட வந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் புதிய உடையில் வந்தார், அணிந்த நகையை மீண்டும் அணியவில்லை என்று கெய்ஸ்பர்க் வியந்து எழுதியுள்ளார். ஒலிப்பதிவுக் கருவிக்கு உடை தெரியாது. தம் தோற்றமும் தம் தொழிலின் பகுதி என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

இனிப் பெயர்க்குறிப்புகள். பாட்டு மட்டும் பாடுவோர் 'பாயீ', ஆடலும் உடையோர் 'ஜான்' என்பது பொதுவாகக் கூறப்படும் வேறுபாடு. 'ஜான்' பாரசீகத்தில் உயிர் எனப் பொருள்படும். அதனைத் தமிழில் பெயர்க்க முனைவோர் இரார். 'பாயீ'யைப் 'பாய்' என எழுதினால் தமிழ் வாசகர் இசுலாமிய ஆடவரை நினைப்பார், அல்லது கோரைப்பாயை நினைப்பார். 'மிஸ்' என்பதே பெரிய இடர். அதற்குச் 'செல்வி' என்பர் அகராதியாளர். ஆனால் 'மிஸ் கௌஹர் ஜான்', 'மிஸ் இந்துபாலா' என்ற வழக்குகளில் அச்சொல் மணமாகாமையைக் காட்டிலும் தொழில்முறைப் பாடகி என்பதையே கேட்போர்க்கு உணர்த்திற்று. இந்துபாலா போன்றோர் பெயருடன் 'தேவி' சேர்ந்தது பிற்காலத்தில்.

சித்தரஞ்சன் தாசின் தங்கையான அமலா தாஸ் தாகூரின் பாடல்களை இசைத்தட்டில் பாடியபோது இச்சிக்கல் வெளிப்பட்டது. உயர்குடிப் பெண்ணும் 'மிஸ்', பரத்தையர் குலம் எனச் சமூகம் ஒதுக்கிய பெண்ணும் 'மிஸ்'. எனவே தட்டில் 'மிஸ் தாஸ் (அமெச்சூர்)' என அச்சிட்டனர். இயற்பெயர் மறைந்தது, முகத்தைக் கொண்டு விற்பதென்ற பேச்சுக்கே இடமில்லை, அடைப்புக்குறியுள் இருந்த ஒரு சொல் குடும்ப மானத்தைக் காத்தது. 'அமெச்சூர்' என்பதற்கு இன்று நாம் 'கற்றுக்குட்டி' என எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். அத்தட்டில் அச்சொல் திறன்குறைவைச் சுட்டவில்லை. காசுக்குப் பாடாதவர், ஆதலால் உயர்ந்தவர் என்றது. 'தொழில்முறை சாராதவர்' என்பதும் பாதிப் பொருளையே தரும். சொல்லை அப்படியே விட்டுக் குறிப்புரை எழுதுவதே நேர்மை.

மறுகோடியில் அலகாபாத் ஜானகிபாயீ. கத்திக்குத்துத் தழும்புகளால் 'சப்பன் சூரி' (ஐம்பத்தாறு கத்தி) எனப் பெயர்பெற்றவர்; ரேவா அரசவையில் திரைக்குப் பின்னிருந்து பாடினார் என்பது வழங்கிவரும் செய்தி. 1911 தில்லி தர்பாரில் கௌஹருடன் இணைந்து பாடியவரும் இவரே. தம் தட்டுகளில் பெயரோடு ஊரையும் சேர்த்து அறிவித்தார். கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி எனத் தமிழ்நாட்டுத் தட்டுகளில் ஊர் முன்வந்ததை இதனோடு ஒப்பிடலாம். தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கவேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் நின்றது.

கௌஹர் ஜான் 1928இல் மைசூர் அரண்மனைக் கலைஞராகி, 1930 சனவரி 17இல் அந்நகரிலேயே மறைந்தார். போர்ன் அண்டு ஷெப்பர்டு நிலையத்தின் சேமிப்பில் பெரும்பகுதி 1991ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அழிந்தது. நிலையமும் 2016இல் மூடப்பட்டது. இசைக்கலைஞர்களின் படங்கள் இன்று பெரும்பாலும் பழைய பட்டியல்களிலிருந்தும் அஞ்சலட்டைகளிலிருந்தும் மறுபதிப்பாகின்றன. அவ்வாறு அச்சிடுவோர் அடியிலுள்ள வரியை அழகுக்கேடு எனக் கருதி வெட்டிவிடுகின்றனர். மல்கா ஜான்களுள் எவர் எவரென்று பிரித்தறிய உதவியது அந்த வரிதான்.