எதிர்காலத் தேதியிட்ட கோப்பு

எதிர்காலத் தேதியிட்ட கோப்பு என்பது, கடைசியாகத் திருத்தப்பட்ட நேரமாக இனி வரவிருக்கும் ஒரு நேரம் பதிவாகியுள்ள கணினிக் கோப்பு ஆகும்.

காரணங்கள்

இயங்குதளம் தன் கடிகாரத்தை நம்பியே கோப்புக்கு நேரமுத்திரை இடுகிறது. தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்தால் கடிகாரம் பெரும்பாலும் பழைய தொடக்க நாளுக்குத் திரும்பும். அப்போது சரியான தேதியுள்ள கோப்புகளே எதிர்காலத்தவை போலத் தோன்றும். ஆகவே முதலில் ஐயுற வேண்டியது கடிகாரத்தையே.

இந்தியாவிலும் இலங்கையிலும் இப்பிழை சரியாக ஐந்தரை மணி நேரமாக அமைவதுண்டு. விண்டோஸ் தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது. லினக்ஸ் வழக்கமாக அங்கே அனைத்துலக நேரத்தை எதிர்பார்க்கிறது. இரண்டும் ஒரே கணினியில் இருந்து, அமைப்பு பொருந்தாவிடில், காலை 10 மணிக்கு எழுதிய கோப்பு லினக்சில் பிற்பகல் 3.30 எனப் பதிவாகும். 2011 இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற மானாவாரிப் பகுதிகள் உட்பட மாநிலம் முழுவதற்குமானது. அதன் தொடக்க ஆண்டுகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்ந்த இரட்டை இயங்குதளக் கணினிகள் வழங்கப்பட்டன. இத்தகைய கணினிகளில் இவ்வமைப்பைச் சரிபார்ப்பது நன்று.

2107 போன்ற ஆண்டு தென்பட்டால் காரணம் வேறாக இருக்கலாம். நினைவட்டைகளில் பயன்படும் ஃபேட் கோப்பு முறைமை 1980 முதல் 2107 வரையான ஆண்டுகளையே குறிக்கும். பதிவு சிதைந்தால் இறுதி ஆண்டு வெளிப்படக்கூடும்.

விளைவுகள்

புதிய கோப்பை மட்டும் படியெடுக்கும் காப்பு மென்பொருள், காப்பிலுள்ள பிழையான முத்திரையைக் கண்டு, பின்னர் திருத்திய கோப்பைப் புறக்கணித்துவிடும். பயனர் தம் திருத்தம் காப்பில் உள்ளதென்றே எண்ணியிருப்பார். நிரல் தொகுக்கும் மேக் கருவியும் தேதியை ஒப்பிட்டே இயங்குவதால், மாற்றிய நிரலைத் தொகுக்காமல் விடக்கூடும். எனினும் கடிகாரப் பிறழ்வு குறித்து அது எச்சரிக்கும்.

கண்டறிதலும் திருத்தமும்

விண்டோசில் கோப்புகளைத் திருத்திய தேதிப்படி இறங்குவரிசையில் அடுக்கினால் இவை முதலில் நிற்கும். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் டச் கட்டளையால் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதைவிடப் புதியவற்றை ஃபைண்ட் கட்டளையால் தேடலாம். ஆனால் ஐந்தரை மணி நேரப் பிழை அன்றே தேடினால்தான் அகப்படும். மாலைக்குள் அக்கோப்பு கடந்தகாலத்தது ஆகிவிடும். பிழை மட்டும் அதனுள் தங்கும்.

முத்திரையை இன்றைய தேதிக்கு மாற்றுவது எளிது, ஆயினும் உண்மையான நேரம் அழிந்துவிடும். பிழையின் அளவு தெரிந்தால் அதை, மேற்கண்ட நிலையில் 330 நிமிடங்களை, கழிப்பதே முறை.