குளிர்காலத் தோட்டமும் ஒரு உலகப்போரும்

போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை துப்பாக்கி, டாங்கி, குண்டு வீசும் விமானம்... முட்டைக்கோஸ் யாருக்காவது நினைவுக்கு வருமா? இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் மக்கள் தங்கள் வீட்டுக் கொல்லையில் நடத்திய போரில் முட்டைக்கோசும் ஒரு ஆயுதம்தான்!

போருக்கு முன் பிரிட்டன் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உணவைக் கப்பலில் இறக்குமதி செய்து வந்தது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் அந்தக் கப்பல்களை ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் குறிவைத்தன. கப்பலில் இடம் என்பது தங்கத்துக்குச் சமம். காய்கறிக்கு ஒதுக்கும் இடம், குண்டுக்கும் எண்ணெய்க்கும் இல்லாமல் போகும். எனவே அரசு, 'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. புல்வெளி, பூந்தோட்டம், விளையாட்டு மைதானம் எல்லாம் காய்கறிப் பாத்திகளாயின. லண்டன் கோபுரத்தின் அகழியில்கூடக் காய்கறி விளைந்தது!

ஆனால் உண்மையான சிக்கல் கோடையில் இல்லை, குளிர்காலத்தில்தான்.

நம் ஊரில் மழை பெய்தால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று முளைக்கும். பிரிட்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை புதிதாக எதுவும் வளராது. போரின் முதல் குளிர்காலமே கடுமையாக அமைந்தது. 1940 ஜனவரியில் தேம்ஸ் நதி சில இடங்களில் உறைந்தே போனது. அதே மாதம் 8ஆம் தேதி பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்கு ரேஷன் வந்தது. காய்கறிக்கு ரேஷன் இல்லை. ஆனால் கடையில் இருந்தால்தானே வாங்க முடியும்?

புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் கோடையில் தின்ன முடியாத அளவுக்கு லெட்டூஸ் விளைவித்துவிட்டு, குளிரில் வெறும் மண்ணைப் பார்த்து நிற்கும் ஆபத்து இருந்தது. இதைத் தவிர்க்கவே வேளாண் அமைச்சகம் துண்டுப் பிரசுரங்களை வெளியிட்டது. முதலாம் எண் பிரசுரம், 90 அடிக்கு 30 அடி நிலத்துக்கான பயிர்த் திட்டம். நம் கணக்கில் ஒரு கிரவுண்டை விடச் சற்று அதிகம். அந்த நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை முழுவதுமாகக் குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்குமான கீரை, கோஸ் வகைகளுக்கு ஒதுக்கச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பங்குகள் இடம் மாறும்.

குளிர்காலத் தோட்டத்தின் ரகசியம், அதைக் கோடையிலேயே போட்டுவிட வேண்டும் என்பதுதான். கேல், லீக்ஸ், புரூசெல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ், சவாய் முட்டைக்கோஸ் போன்றவை பனியைத் தாங்கி நிற்கும். கேரட்டின் உறவான பார்ஸ்னிப் கிழங்குக்கோ பனி பட்டால்தான் ருசி! குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். உருளைக்கிழங்கைக் குவித்து, மேலே வைக்கோல் பரப்பி, அதன் மேல் மண் அணைத்து வைத்தால் வசந்தம் வரை கெடாது. காலியான பாத்தியையும் சும்மா விடவில்லை. கொத்திக் கட்டியாகவே போட்டுவிட்டால், பனி உறைந்து உருகும்போது மண் தானே பொலபொலவென்று உதிரும்.

வெங்காயத்தின் கதை தனி. போருக்கு முன் பிரிட்டனுக்கு வெங்காயம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வந்தது. 1940ல் பிரான்சின் பிரிட்டனி பகுதியும் சேனல் தீவுகளும் ஜெர்மனி வசம் போனதும் வரத்து நின்றது. அலுவலகங்களில் வெங்காயத்தைப் பரிசாக வைத்துக் குலுக்கல் நடத்தினார்கள்!

ஞாயிறு மதியம் பிபிசி வானொலியில் மிடில்டன் என்பவர் தோட்ட வேலை பற்றிப் பேசுவதை லட்சக்கணக்கானோர் கேட்டார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்ட பல வீடுகளில் மண்வெட்டி பிடித்தவர்கள் பெண்கள். அலாட்மென்ட் எனப்படும் வாடகைத் தோட்டத் துண்டுகள் சுமார் 8 லட்சத்து 15 ஆயிரத்திலிருந்து 1943ல் சுமார் 14 லட்சமாக உயர்ந்தன.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் பார்க்க வேண்டும். அதே 1943ல், அதே பிரிட்டிஷ் அரசின் ஆட்சியில் இருந்த வங்கத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. இறந்தவர்கள் 20 முதல் 30 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். இந்தியாவிலும் 'அதிக உணவு விளைவிப்போம்' என்ற பிரசாரம் 1942ல் தொடங்கத்தான் செய்தது. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

பிரிட்டனில் மக்களைக் காப்பாற்றியது மண்வெட்டி மட்டும் அல்ல. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவு ரேஷன், விலைக் கட்டுப்பாடு, காலி நிலத்தை எடுத்துத் தோட்டம் போடக் கொடுக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம், என்ன செய்வது என்று சொல்லித்தர வானொலி... இத்தனையும் பின்னால் நின்றன. வங்கத்தின் கிராமங்களுக்கு அந்தக் காவல் இல்லை. அரிசி விலை ஏறியபோது, நிலமில்லாத கூலியாளால் அதை வாங்க முடியவில்லை. வாசகம் ஒன்றுதான், ஏற்பாடு ஒன்றல்ல.

குளிரில் அறுக்க வேண்டுமானால் கோடையில் விதைத்திருக்க வேண்டும். இது தோட்டக்காரருக்கு மட்டுமல்ல, நாட்டை ஆள்பவருக்கும் பொருந்தும் பாடம். பசி வந்த பிறகு விதை தேடினால், விளைச்சலைப் பார்க்க ஆள் இருக்காது.