கணக்கு வாத்தியார் ஆவதற்கான படிப்பு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், அதற்குப் பக்கத்துக் கிராமமான திருவண்ணாமலை என எந்த ஊரானாலும் சரி, பி.எஸ்ஸி. கணிதமோ இயற்பியலோ முடித்தவரிடம் வீட்டார் கேட்கும் அடுத்த கேள்வி, 'பி.எட். எப்போ?' என்பதுதான். பட்டத்தை முடித்துவிட்டு அதற்குமேல் கற்பித்தல் பயிற்சி பெறும் இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு.

1856இல் சென்னையில் அரசு தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிதான் பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே தந்த எல்.டி. பட்டம் பிற்பாடு பி.டி. ஆகி, அதன்பின் பி.எட். ஆனது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் அங்கே எல்.டி. பயின்றவர்தான்.

பி.எட். வகுப்பில் மறக்க முடியாதது நுண்ணிலைக் கற்பித்தல். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த இந்த முறையின் இந்திய வடிவத்துக்கு மொத்தம் 36 நிமிடம். சக மாணவர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் குறைநிறை, திருத்தி எழுத 12 நிமிடம், மறுபடி பாடம் 6, மறுபடி குறைநிறை 6. ஒருநாள் வினா கேட்கும் திறன், இன்னொரு நாள் கரும்பலகைத் திறன்.

கற்பிக்கும் முறைக்கு இவ்வளவு கவனம் கிடைக்கிறது. ஆனால் பின்னத்தால் வகுக்கும்போது அதை ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று ஒரு பிள்ளை கேட்டால், விளக்கும் அளவுக்குப் பாடமே ஆசிரியருக்குத் தெளிந்திருக்க வேண்டும். பட்டப்படிப்பும் பயிற்சியும் தனித்தனியாகக் கிடக்கும்போது இந்தத் தெளிவு நடுவில் நழுவிவிடுகிறது.

இதற்கு மாற்றுவழி 1963இலேயே வந்தது. மைசூரில் தொடங்கிய வட்டாரக் கல்வியியல் கல்லூரி, தென்மாநில மாணவர்களுக்கு நான்காண்டு பி.எஸ்ஸி.எட். படிப்பைத் தந்தது. இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு உளவியலும் கற்பித்தலும் அங்கே சேர்ந்தே நடந்தன. பயிற்சிக்கு வளாகத்திலேயே பள்ளியும் இருந்தது.

நாட்டின் பெரும்பகுதி மட்டும் ஓராண்டு பி.எட்.டிலேயே நின்றது. 2012இல் நடந்த தமிழகத்தின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கு அதன் இரண்டாம் தாளில் 150 வினாக்களில் 60 கணிதமும் அறிவியலும். 2015-16இல் பி.எட். இரண்டாண்டாயிற்று, 20 வாரப் பள்ளி அனுபவம் கட்டாயமானது.

காலம் கூடியது நல்லதே. ஆனால் கூடிய ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆழமாகவில்லை என்றால் பயன் பாதிதான். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்கு ஒருங்கிணைந்த பி.எஸ்ஸி.பி.எட். இருக்கிறது. ராஜபாளையத்துப் பிள்ளைகள் அதற்காகத் திருவாரூருக்கோ மைசூருக்கோ போகாமல், தென்மாவட்ட அரசுக் கல்லூரிகளிலேயே படிக்க வழி செய்ய வேண்டும்.